உண்ண மறுத்த இரண்டு பால் பைத்தான் குட்டிகள்: பெட்டி அளவு குறித்து பினாங்கில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீடு. வளர்ப்பவர் 27 வயது இளைஞர். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, வீட்டில் அவரும் தாயாரும் மட்டும். பாம்பு வளர்ப்பு அவருக்குப் புதிது. செபராங் பிறையில் உள்ள ஓர் இனப்பெருக்குநரிடம் மூன்று குட்டிகள் வாங்கினார்: பால் பைத்தான் எனப்படும், பந்துபோல் சுருளும் சிறிய மலைப்பாம்பில் (ball python) பெண் ஒன்று (72 கிராம், 41 செ.மீ), ஆண் ஒன்று (64 கிராம், 39 செ.மீ), கார்ன் ஸ்நேக் என்னும் நஞ்சில்லாத மெல்லிய பாம்பின் குட்டி ஒன்று (9 கிராம், 29 செ.மீ). பால் பைத்தான், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் இணைப்பில் உள்ள இனம். அதற்கான உரிமத்தையும் ரசீதையும் குட்டிகள் வீட்டுக்கு வருமுன்பே அவர் பெற்றுவிட்டார்.

இரண்டு பைத்தான்களும் விற்றவரிடம் இருந்தபோது மூன்று முறை எலிக்குஞ்சு உண்டதாகக் குறிப்பேட்டில் இருந்தது. அங்கே அவை 5 லிட்டர் பெட்டிகளில், தாளும் தண்ணீர்க் கிண்ணமும் மட்டும் வைத்து, அலமாரி அடுக்கில் வளர்ந்தவை. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

வாங்கியவர் அதே அளவுப் பெட்டியைத் தேடவில்லை. எப்படியும் வளரத்தானே போகிறது, அடிக்கடி மாற்றுவானேன் என்று மூன்றுக்கும் தனித்தனியாக 60 லிட்டர் பெட்டிகள் வாங்கினார். தனித்தனியாக வைத்தது மிகச் சரி. கார்ன் ஸ்நேக் குட்டிகள் ஒன்றையொன்று விழுங்குவது உண்டு. பைத்தான்களைச் சேர்த்து வைத்தால், எது உண்டது, எது கக்கியது, எது கழித்தது என்று தெரியாது.

ஒவ்வொரு பெட்டியிலும் சமையலறைத் தாள் விரிப்பு, ஒரு பக்கம் கவிழ்த்த 20 செ.மீ கிண்ணம் மறைவிடமாக, மறுபக்கம் தண்ணீர். பெட்டியின் நடுவில், அடியில் 28×18 செ.மீ ஹீட் மேட் (மின்சாரத்தால் சூடேறும் விரிப்பு). சூட்டைக் குறித்த அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை. மூடியில் மட்டும் பன்னிரண்டு துளைகள்.

முதல் 24 நாள்கள்

பைத்தான்கள் இரண்டும் ஒன்றையும் தொடவில்லை. ஐந்து நாளைக்கு ஒரு முறை எலிக்குஞ்சு வைக்கப்பட்டது. காலையில் அப்படியே கிடந்தது. இரண்டாவது முறை இரவு முழுவதும் விட்டு வைத்ததில் எறும்பு ஏறிவிட்டது. நம் ஊரில் உண்ணாத இரையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் பெட்டியில் விடக் கூடாது. இரைக்கு வரும் எறும்பு பாம்பையும் கடிக்கும்.

ஆண் குட்டி பெரும்பாலும் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால், பெட்டியின் மூலையில் சுருண்டு கிடந்தது. பெண் குட்டி விரிப்புத் தாளுக்கு அடியில் புகுந்துகொண்டது. இரண்டுமே கவிழ்த்த கிண்ணத்தைப் பயன்படுத்தவில்லை. இரவில் சுவரோரமாகவே சுற்றின, நடுப்பகுதியைக் கடக்கவில்லை.

கார்ன் ஸ்நேக் முதல் வாரம் ஒரு பிங்கியை (உரோமம் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு) உண்டது. ஒன்பதாம் நாள் இரவு பெட்டியில் அதைக் காணவில்லை. மூடியின் கொக்கிகள் குறுகிய பக்கங்கள் இரண்டில் மட்டும் இருந்தன; நீளப் பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் மூடி 7 மி.மீ வரை எழும்பியது. பென்சில் தடிமன் உள்ள குட்டிக்கு அது திறந்த கதவு. இரண்டு நாள் கழித்து வாசல் செருப்பு அலமாரியில் அகப்பட்டது. இன்னும் ஓர் அடி தள்ளியிருந்தால் பொது நடைபாதை. அண்டை வீட்டார் கண்டு பொதுத் தற்காப்புப் படையை அழைத்திருப்பார்கள். இன்னொரு முறை பாம்பு வெளியே வந்தால் மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று தாயார் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை.

24ஆம் நாள் எடை: பெண் 67 கிராம், ஆண் 58 கிராம். பெண் ஏறக்குறைய 7 விழுக்காடும் ஆண் 9 விழுக்காட்டுக்குச் சற்று மேலும் இழந்திருந்தன. பால் பைத்தான் சில வாரம் உண்ணாமல் இருப்பது புதிதல்ல. ஆனால் குட்டிப் பருவத்தில் எடை இழப்பு பத்து விழுக்காட்டை நெருங்கினால் காத்திருக்கக் கூடாது. அந்த நாளில்தான் அனுபவமுள்ள ஒரு வளர்ப்பாளரிடம் கேட்டார்.

"அண்ணே, பெரிய வீடா குடுத்தா பாம்பு நல்லாத்தானே இருக்கணும்?"

"பெருசு சிறுசு அப்புறம் பாப்போம் தம்பி. அது பகல்ல எங்க படுத்திருக்கு, அந்த இடத்துல எத்தனை டிகிரி? அதை மொதல்ல அளந்து சொல்லுங்க."

அளந்து பார்த்தபோது

சென்சார் முனையுள்ள இரண்டு வெப்பமானிகள் வைத்து ஒரு பகல், ஓர் இரவு அளக்கப்பட்டது.

நண்பகலில், அறை 31 டிகிரி இருக்கும்போது, மேட்டுக்கு நேர் மேலே தாளுக்கடியில் 41 டிகிரி. அது பாம்பின் வயிற்றைச் சுடும் அளவு. இரவில் ஏர்கோன் 22இல் ஓடியது. அப்போது பெட்டியின் ஓரங்களில் 23.5, நடுவில் மட்டும் 33. மறைவிடம் இருந்த மூலை பகலில் 30, இரவில் 24. பால் பைத்தான் குட்டிக்குச் சூடான முனையில் 31 முதல் 32 டிகிரி, குளிர்ந்த முனையில் 25 முதல் 27 வேண்டும். இங்கே சூடு மறைவில்லாத நடுத்தரையில். மறைவு சூடில்லாத ஓரத்தில். குட்டி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், அது மறைவைத்தான் தேர்ந்தெடுக்கும். உடம்பு குளிர்ந்தால் செரிமானம் இல்லை; இரையில் நாட்டமும் இல்லை.

மறைவிடமும் உண்மையில் மறைவிடமாக இல்லை. 20 செ.மீ கிண்ணத்துக்குள் 64 கிராம் குட்டி சுருண்டால் உடம்பின் எந்தப் பக்கமும் சுவரில் படாது. இந்த இனத்தின் ஊர் மேற்கு, நடு ஆப்பிரிக்கப் புல்வெளிகள். பகலில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் உடம்பு ஒட்ட அடைந்து கிடக்கும். முதுகும் விலாவும் எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு அடங்கும்.

ஆக, பெட்டி பெரிது என்பது ஒரு குறைதான். அந்தக் குறையை இன்னும் இரண்டு குறைகள் பெரிதாக்கின. இணையத்தில் 'பெரிய பெட்டி குட்டியைப் பயமுறுத்தும்' என்று ஒற்றை வரியில் சொல்லிவிடுகிறார்கள். குட்டியைப் பயமுறுத்துவது வெறுமையான இடம். லிட்டர் கணக்கு அதைக் காட்டாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று பாம்புக்கும் ஒரே மாற்றம் செய்யவில்லை. ஆணுக்கு எடை இழப்பு எல்லையை நெருங்கியதால் அதை உடனே சிறிய பெட்டிக்கு மாற்றுவது. பெண்ணுக்கு இன்னும் அவகாசம் இருப்பதால் அதை 60 லிட்டரிலேயே வைத்து, வெறுமையை மட்டும் நீக்குவது. கார்ன் ஸ்நேக்குக்குத் தப்ப முடியாத சிறிய பெட்டி. வெப்பத்தை மூன்றுக்கும் ஒரே நாளில் சரிசெய்வது. இரண்டு விலங்குகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும், இடத்தைச் சுருக்கியதா, மறைவைக் கூட்டியதா, எது வேலை செய்தது என்று ஓரளவாவது தெரியும்.

அளவுக் கணக்கு இப்படி: பெட்டியின் உள் அடித்தரையின் நீளமும் அகலமும் கூட்டினால் வருவது பாம்பின் நீளத்துக்குக் குறையக் கூடாது. இது கீழ் வரம்பு மட்டுமே. இதற்கு மேல் தாராளமாக இருக்கலாம், மறைவு இருந்தால். கடையில் ஒட்டியிருக்கும் அளவு பெட்டியின் வெளிவாய் அளவு. பெட்டிகள் கீழே குறுகுவதால் அடித்தரையை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். 28×20×14 என்று எழுதிய 5 லிட்டர் பெட்டியின் தரை 23×15 மட்டுமே இருந்தது: கூட்டினால் 38. ஆண் குட்டி 39 செ.மீ, தள்ளுபடி. 39×28×14 என்று எழுதிய 11 லிட்டர் பெட்டியின் தரை 33×22: கூட்டினால் 55. அதையே எடுத்தார். கார்ன் ஸ்நேக்குக்கு 6 லிட்டர் பெட்டி, தரை 26×17, கூட்டினால் 43, 29 செ.மீ குட்டிக்குச் சில மாதம் போதும்.

பாம்பின் நீளத்தைச் சட்டையை வைத்து அளக்க வேண்டாம். கழற்றும்போது சட்டை இழுபட்டு நீளும். பெட்டிச் சுவரோரம் அது ஊரும்போது ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்து, படத்தின் மேல் நூல் வைத்து அளந்தால் போதும். கையால் இழுத்துப் பிடித்து அளப்பது கூடவே கூடாது.

மறைவிடம் ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு, ஒரே மாதிரியானவை, சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று. பைத்தான்களுக்கு 12 செ.மீ அகலமுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் 4 செ.மீ வாசல் வெட்டிக் கவிழ்த்தது. வாசல் விளிம்பை மணல்தாள் கொண்டு தேய்க்க வேண்டும். கார்ன் ஸ்நேக்குக்குக் கழிப்பறைத் தாள் உருளையே போதும், அழுக்கானால் வீசிவிடலாம். ஒளி ஊடுருவும் பெட்டியாதலால் மூன்று பக்கங்களுக்குக் கறுப்புத் தாள் வெளியே ஒட்டப்பட்டது.

பெண் குட்டியின் 60 லிட்டர் பெட்டியில் இவற்றோடு கசக்கிய செய்தித்தாள், முட்டை அட்டை, கழுவிக் காயவைத்த தேங்காய் மட்டைத் துண்டுகள் ஆகியவற்றால் தரையின் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பப்பட்டது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெளியே தலை காட்டாமல் போக முடிகிறதா என்பதே சோதனை.

மூடியும் துளைகளும்

துளைகளை 4 மி.மீ சால்டரிங் முனையால், எதிரெதிர் குறுகிய பக்கங்களில், பக்கத்துக்குப் பன்னிரண்டாக இட்டார். கார்ன் ஸ்நேக் பெட்டிக்கு 3 மி.மீ. எதிரெதிர்ப் பக்கம் என்பது காற்று குறுக்கே ஓடுவதற்கு. மூடியில் மட்டும் துளையிட்டால் ஈரம் அடியில் தேங்கும். முனையை உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். வெளியிலிருந்து உள்ளே குத்தினால் உருகிய பிசிறு உள்பக்கம் கெட்டியாகி, முகர்ந்து திரியும் குட்டியின் மூக்குச் செதிலைக் கிழிக்கும். புகை நல்லதல்ல, பால்கனியில் வைத்துச் செய்யும் வேலை.

மூடிக்குச் சோதனை: கொக்கி போட்டு மூடியபின், நீளப் பக்கத்தின் நடுவில் மூடியை விரலால் மேலே தள்ளிக்கொண்டு, மூன்று வங்கி அட்டைகளைச் சேர்த்து இடுக்கில் நுழைத்துப் பார்ப்பது. ஓர் அட்டை 0.76 மி.மீ, மூன்று சேர்ந்தால் இரண்டேகால் மி.மீக்குச் சற்று அதிகம். நுழைந்தால் அந்தப் பெட்டி கார்ன் குட்டிக்கு ஆகாது. முதலில் வாங்கிய 6 லிட்டர் பெட்டி இதில் தோற்றது. நான்கு பக்கமும் கொக்கி உள்ள வேறொன்று வாங்க வேண்டியதாயிற்று. மூடியின் மேல் கனமான புத்தகம் வைப்பது பலர் செய்வது. நடுவில் பாரம் ஏறினால் ஓரங்கள் தூக்கும். அதனால் பலன் எதிர்மாறாகும்.

வெப்பத்துக்கு: ஹீட் மேட்டைப் பெட்டியின் ஒரு முனைக்கு நகர்த்தி, தெர்மோஸ்டாட் பைத்தான்களுக்கு 31.5, கார்ன் ஸ்நேக்குக்கு 29. உணர்முனை பெட்டிக்கு வெளியே, மேட்டுக்கும் அடித்தரைக்கும் நடுவில். உள்ளே வைத்தால் பாம்பு தள்ளிவிடும், அல்லது சிறுநீர் பட்டுக் குளிர்ந்து, மேட் ஓயாமல் எரியும். இரவு ஏர்கோன் 26.

பின் நடந்தவை

மாற்றியபின் ஆறு நாள் பைத்தான்களை எவரும் தொடவில்லை. தண்ணீர் மாற்ற மட்டும் மூடி திறந்தது. கார்ன் ஸ்நேக் நான்காம் நாளே ஒரு பிங்கி உண்டது. ஏழாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு ஆண் குட்டிக்கு 6 கிராம் எலிக்குஞ்சு, உறைநிலையிலிருந்து இளக்கி, வெந்நீரில் உறைப்பையோடு சூடேற்றி, சூடான முனை மறைவிடத்தின் வாசலில் நீட்டப்பட்டது. தலையை மட்டும் நீட்டிக் கவ்வி, உள்ளே இழுத்துக்கொண்டது. இரை பாம்பின் எடையில் ஏறக்குறைய பத்து விழுக்காடு. பசித்திருந்த குட்டிக்கு முதல் இரை பெரிதாக இருந்தால் கக்கிவிடும்.

பெண் குட்டி பதினொன்றாம் நாள், 60 லிட்டரிலேயே உண்டது. நான்கு நாள் தாமதம். பெரிய பெட்டியில் இரையை எங்கே நீட்டுவது என்பது சிக்கலாக இருந்தது காரணமாக இருக்கலாம்: எந்த மறைவில் இருக்கிறது என்று தெரியாமல், இரண்டு முறை தவறான பக்கம் நீட்டப்பட்டது. சிறிய பெட்டியின் மெய்யான வசதி இதுதான். பாம்பு எங்கிருக்கிறது, உண்டதா, கழித்ததா என்பது மூடியைத் திறந்ததும் தெரியும். வசதி வளர்ப்பவருக்கு, பாம்புக்குத் தேவை மறைவு.

60ஆம் நாள் எடை: பெண் 79, ஆண் 74.

சிறிய பெட்டியில் வந்த தொல்லை

இதற்கு நடுவே, மாற்றிய மூன்றாம் வாரத்தில், ஆண் குட்டியின் பெட்டிச் சுவர்களில் நீர்த்துளிகள் தெரிந்தன. ஈரப்பதம் 88 விழுக்காடு. விரிப்புத் தாள் நனைந்து, வயிற்றுச் செதில்களில் சில இடம் இளஞ்சிவப்பு. மூக்கில் தேய்த்த தடம். குட்டி எப்போதும் குளிர்ந்த முனையில், மறைவிடத்துக்கு வெளியே கிடந்தது.

அளந்தால் 'குளிர்ந்த' முனையே 30.1 டிகிரி. பழைய 28×18 மேட்டையே இந்தப் பெட்டிக்கும் போட்டிருந்தார். 33×22 தரையில் அது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அடைத்துவிட்டது. 60 லிட்டரில் போதாத மேட் 11 லிட்டரில் மிகை. தெர்மோஸ்டாட் 31.5ஐத் தாண்ட விடவில்லை, சரி. ஆனால் ஒதுங்க இடமில்லை. கூடவே 300 மி.லி தண்ணீர்க் கிண்ணம் மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து ஆவியாகிக்கொண்டிருந்தது.

மேட் 15×15 ஆனது. தரையின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கிண்ணம் 100 மி.லி, குளிர்ந்த முனையில். நீளப் பக்கங்களில் மேலோரமாகப் பத்துப் பத்துத் துளைகள் கூடின. தாள் தினமும் மாற்றப்பட்டது. ஈரப்பதம் 68க்கு இறங்கியது. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டியதில் கொப்புளம் இல்லை, உலர்ந்த தரை போதும் என்றார். இரண்டு சட்டை உரித்தபின் நிறம் சீரானது. கொப்புளமோ சீழோ இருந்திருந்தால் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. பெட்டிகள் அலமாரியின் உச்சியில் இருந்தன. ஷிப்டுக்குப் போகும்போது ஏர்கோன் நிறுத்தப்பட்டு, மூடிய அறையின் மேற்பகுதி 33 டிகிரியைத் தொட்டது. மேட் அணைந்திருந்தாலும் பெட்டி முழுவதும் அதே சூடு. குளிர் நாட்டில் எழுதிய வழிகாட்டிகள் சூடேற்றுவதையே பேசும். பினாங்கில் பாதி நாள் சூட்டைத் தணிப்பதுதான் வேலை. அடுக்கை வெயில் படாத உட்சுவரோரம், தரையை ஒட்டி இறக்கியதும் இரண்டு டிகிரி குறைந்தது. சிறிய பெட்டி சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் குளிரும். அறையின் தவறுகளை அது மறைக்காது.

அடுத்த அளவுக்கு மாற்றியது

ஐந்தாம் மாதம் ஆண் 150 கிராம், 57 செ.மீ. தரைக் கணக்கு 55ஐத் தாண்டிவிட்டது. வேறு அறிகுறிகளும் சேர்ந்தன: சுருண்டபின் உடம்பு கிண்ணத்துக்கு வெளியே வழிந்தது; இரவில் மூடியை மூக்கால் தள்ளியது. 27 லிட்டர், தரை 47×32 உள்ள பெட்டிக்கு மாற்றினார். பழைய மறைவிடத்தைக் கழுவாமல், பழைய தாளில் ஒரு துண்டோடு வைத்ததால் வாசனை மாறவில்லை. இரை கொடுத்து நான்கு நாள் கழித்தே மாற்றியது. இரை வயிற்றில் இருக்கும்போது இடம் மாற்றினால் கக்கக்கூடும். ஒரு வேளை மறுத்தது, அடுத்த வாரம் உண்டது. இந்தப் பெட்டியில் ஒரு தடித்த கிளை குறுக்கே வைக்க உயரம் இருந்தது. பால் பைத்தான் தரைப் பாம்பு என்றே சொல்வார்கள். ஆனால் இளம் ஆண்கள் மரமேறிப் பறவை பிடிப்பது மேற்கு ஆப்பிரிக்கக் களஆய்வில் பதிவாகியிருக்கிறது. இதுவும் இரவில் கிளையில் காணப்பட்டது.

கார்ன் ஸ்நேக் 44 செ.மீ ஆனதும் 14 லிட்டருக்குப் போனது. புதிய பெட்டிக்கும் அட்டைச் சோதனை செய்தபின்தான் போனது. பெண் பைத்தான் எங்கும் போகவில்லை. நிரப்பிய பொருள்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாலே போதுமாயிருந்தது. ஆறாம் மாதம் அது 214 கிராம், ஆண் 188. தொடக்கத்திலேயே பெண் பெரிது என்பதால் இந்த வித்தியாசத்தைப் பெட்டியின் கணக்கில் எழுத முடியாது.

மறுபடி செய்தால்

வாங்கும் நாளிலேயே விற்பவரிடம் கேட்க வேண்டியது மூன்று: எந்த அளவுப் பெட்டி, சூடான முனை எத்தனை டிகிரி, கடைசியாக உண்ட இரை எத்தனை கிராம். அதே நிலையை வீட்டில் முதல் மாதம் அப்படியே தந்து, மூன்று முறை உண்டபின் மாற்றத் தொடங்கலாம். இங்கே 5 லிட்டரிலிருந்து 60 லிட்டருக்கு ஒரே நாளில் தாவியதே எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

குட்டி வருவதற்கு இரண்டு நாள் முன்பே பெட்டியை ஓடவிட்டு, பகலும் இரவும் இரு முனைகளையும் அளந்திருந்தால் 41 டிகிரியும் 23.5உம் அப்போதே தெரிந்திருக்கும். மேட் வாங்குவது பெட்டி வாங்கியபின். தரையின் மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கில். பெட்டி மாறினால் மேட்டையும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். 24 நாள் காத்திருக்காமல், இரண்டு முறை மறுத்ததும் எடை போட்டு, வெப்பத்தைச் சோதித்திருக்கலாம்.

60 லிட்டர் பெட்டிகளில் ஒன்று பெண்ணிடம் இருக்கிறது. இன்னொன்று ஆண் 80 செ.மீயை நெருங்கும்போது அதற்குப் போகும். அதற்குள் நீளப் பக்கத்தில் இரண்டு கொக்கிகள் கூடுதலாகப் பொருத்தப்படும். மூன்றாவதில் தாயார் அரிசி வைத்திருக்கிறார். வளர்ந்த பெண் பால் பைத்தான் 120 முதல் 150 செ.மீ வரை போகும்; அதற்கு 120×60×60 செ.மீ கூண்டு வேண்டும். படுக்கையறையில் அந்த இடம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. இரண்டாவது கூண்டை ஹாலில் வைக்க வீட்டில் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை.